ஒரு முடிகூடக் கொட்டலை என்றாள் மதினி

நவம்பர் 3, திங்கள்

குளிர் வந்துவிட்டது. டிரங்குப் பெட்டியிலிருந்து ஸ்வெட்டர் எடுத்தேன். போன வருஷம் அதற்குப் பொத்தான் போட மூச்சை அடக்க வேண்டியிருந்தது. இப்போது தோளில் நிற்காமல் நழுவுகிறது. சந்தோஷப்பட்டேன், ஐந்து நிமிஷம்.

அதற்குள் குளியலறையிலிருந்து ஜெ. கூப்பிட்டார். தண்ணீர் இறங்கவில்லையாம். துடைப்பக் குச்சியை ஓட்டைக்குள் விட்டுச் சுழற்றி இழுத்தார். வந்தது என் முடி. செத்த எலி மாதிரி ஒரு உருண்டை. பேப்பரில் வைத்துவிட்டு ராணுவ டிப்போவுக்குக் கிளம்பிவிட்டார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். இந்த மனிதர் என் உடம்பில் வாய் திறந்து புகழ்ந்தது ஒன்றே ஒன்றைத்தான். அது பேப்பரில் கிடந்தது.

எடை: உடம்பு இளைக்க ஊசி ஆரம்பித்த ஜூலையில் 91. இன்று 79½.
பின்னல்: ஜூலையில் ரப்பர் பேண்டு இரண்டு சுற்று. இன்று நான்கு, அதுவும் தொளதொள.

குப்பையில் போடக் கை வரவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கும் பையில் சேர்த்தேன். இது இரண்டாவது பை.

பால்காரரிடம் சொல்ல வேண்டும், நாளையிலிருந்து அரை லிட்டர் போதும்.

நவம்பர் 5, புதன்

ஸ்கூல் ஆபீஸில் கூட்டம். போனஃபைட் சர்ட்டிபிகேட் கேட்டு இருபது பேர். ஒரு பையனின் அப்பா, பட்டாளத்துக்காரர், நான் முத்திரை குத்திக் கொடுத்த தாளைத் திரும்பக் கொண்டுவந்து நீட்டினார். முத்திரைக்கு அடியில் நீளமாக ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. மரியாதையான மனிதர், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வேறு அடித்துக் கொடுத்தேன். காது சுட்டது.

பக்கத்து மேஜை சவிதா பார்த்துக்கொண்டே இருந்தாள். "மேடம், வஜன் கமி ஜாலா, பண் செஹரா உதர்லா." எடை குறைந்ததாம், ஆனால் முகம் இறங்கிவிட்டதாம். நான் குண்டாக இருந்தபோது இவள்தான் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் என்னை வைத்து ஜோக் அடித்தவள்.

ஊசி போடுவது ஆபீஸில் யாருக்கும் தெரியாது. கோயிலிலும் தெரியாது. தெரிந்தவர்கள் நான்கு பேர். ஜெ., மகள் ஷெரின், டாக்டர், ஹெப்சி மதினி.

மதினிதான் இதற்கெல்லாம் ஆரம்பம். என் அண்ணன் பெண்டாட்டி. அடுத்த லைனில் நீலக் கேட்டு வீடு. சுகருக்காக டாக்டர் எழுதிக் கொடுத்து பிப்ரவரியிலிருந்தே போடுகிறாள். ஈஸ்டருக்குள் கன்னம் ஒட்டி, இடுப்பு தெரிந்து, ஏழு வயசு குறைந்த மாதிரி வந்து நின்றாள். என் முட்டி வலியைப் பார்த்து நீயும் போடு, நீயும் போடு என்று மூன்று மாசம் நச்சரித்தாள்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஜூலை மாசம், அவள் அடுக்களையில் நின்றுகொண்டு. முடி கொட்டுமா மதினி என்று. வாந்தி வருமா, தலை சுற்றுமா என்றெல்லாம் கேட்கவில்லை. இது மட்டும்தான். தன் தலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு முடிகூடக் கொட்டலட்டி. சத்தியமா."

அப்புறம்தான் டாக்டரிடம் போனேன்.

நவம்பர் 6, வியாழன்

வந்த யோசனைகள்:
1. வெங்காயச் சாறு. ஷெரின், போனில். மகர்பட்டாவில் ஆபீஸ் கேண்டீனில் இருந்துகொண்டு.
2. கருஞ்சீரக எண்ணெய். பாஸ்டரம்மா. காரணம் தெரியாமலே.
3. பாதியாக வெட்டிவிடு. இதுவும் ஷெரின். "மம்மி, ஷார்ட் ஹேர் உங்களுக்கு அச்சா லகேகா. ட்ரை பண்ணு நா." அழகாக இருக்குமாம்.
4. தைராய்டு பார். சவிதா.
5. ஜெ. யோசனை எதுவும் சொல்லவில்லை. குளியலறை ஓட்டைக்கு மட்டும் ஒரு சல்லடை மூடி வாங்கி வந்து பொருத்திவிட்டார்.

ஷெரினுக்குத் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஜெ.க்கு ரேஷன் கார்டுக்கு மேல் படிக்கப் பொறுமை கிடையாது. எனவே இந்த நோட்டில் எதையும் எழுதலாம். எழுதுகிறேன்: வெட்ட மாட்டேன். இந்த உடம்பை நான் கண்ணாடியில் பார்த்ததே பின்பக்கமாகத்தான். பின்னலைப் பார்க்க.

நவம்பர் 8, சனி

ஊசி 17.

எனக்கு ஊசியைக் கண்டால் பயம். மதினிக்கும் பயம். எனவே ஜூலையிலிருந்து இப்படி ஒரு ஏற்பாடு. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவள் தன் மருந்துப் பேனாவைச் சாப்பாட்டுப் பைக்குள் ஐஸ் பொட்டலத்தோடு வைத்துக்கொண்டு வருவாள். என்னுடையது ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பின்னால். அவரவர் பேனா, அவரவர் ஊசி. ஆனால் அவள் வயிற்றில் நான் குத்துவேன், என் வயிற்றில் அவள் குத்துவாள். அதற்கு முன்னால் அவளுக்கு என் அண்ணன் குத்திக்கொண்டிருந்தான். அவர் குத்தினால் வலிக்கும் என்பாள்.

இன்றைக்கும் மதினி தலையில் ஸ்கார்ஃப். உள்ளே வந்தும் எடுக்கவில்லை. சைனஸாம். ஆகஸ்டிலிருந்து சைனஸ்.

நான் என் பின்னலை எடுத்துக் காட்டினேன். அழுகை வந்துவிட்டது. மதினி, உங்களுக்கு நிஜமாகவே கொட்டவில்லையா என்று திரும்பவும் கேட்டேன்.

"எனக்கு எதுக்குக் கொட்டுது? நீ முட்டை திங்க மாட்டேங்க. சோத்தையும் கொறிச்சிட்டு எந்திச்சிருத. உன் மேலதாம்ட்டி தப்பு."

சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி இரண்டு முட்டை அவித்துத் தின்றேன். தொண்டை வரைக்கும் நின்றது.

நவம்பர் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போய்வந்தேன். முக்காடு போட்டு உட்காரும் இடம் என்பதால் நிம்மதி. எல்லோர் தலையும் ஒன்று போல. பாடகர் வரிசையில் நான் முன்னால், மதினி எனக்கு நேர் பின்னால். இருபத்திரண்டு வருஷமாக அதே இடம்.

வெளியே வந்ததும் பாஸ்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மெலிந்துவிட்டாயே, உள்ளுக்குள் ஏதாவது இருந்தால் மறைக்காதே, ஜெபத்தில் வைக்கிறேன் என்றார். மதினி குறுக்கே வந்து, அவள் நடக்கிறாள் அம்மா, தினமும் ஐந்து கிலோமீட்டர் என்றாள். கண் சிமிட்டாமல். நான் கேட்டு வரை நடந்தாலே அதிகம். சிரிப்பு வந்தது. நம்மைக் காப்பாற்ற ஒரு ஆள் இருக்கிறது என்றும் தோன்றியது.

ஒரு நல்ல விஷயமும் எழுத வேண்டும். திரும்பும்போது ஸ்டேஷன் மேம்பாலத்தை நடுவில் நிற்காமல் ஏறி இறங்கினேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவை.

நவம்பர் 11, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நாலரை மணி. ஸ்கூலிலிருந்து வந்து டீ போட்டுக்கொண்டிருந்தேன். லைனில் குரல். "கேஸ் த்யா, பாண்டீ க்யா." முடியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கும் மாவ்ஷி. இரண்டு மாசத்துக்கு ஒரு தரம் இந்தப் பக்கம் வருவாள். நான் இதுவரைக்கும் கூப்பிட்டதில்லை, கொடுக்க என்னிடம் ஏது? இன்றைக்குக் கூப்பிட்டேன். இரண்டு பையையும் எடுத்துக் கொடுத்தேன்.

வாசலில் உட்கார்ந்து பிரித்தாள். நீளத்தை விரலில் சுற்றிப் பார்த்தாள். நல்ல முடி, எல்லாம் வேரோடு வந்த முடி என்றாள். தராசில் வைத்தாள். மூட்டையிலிருந்து எனக்கு ஒரு டப்பாவை எடுத்தவள், ஜன்னலில் நான் சர்க்கரை வைத்திருக்கும் டப்பாவைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள். மூடியில் மயில் போட்ட எவர்சில்வர் டப்பா.

"யே டப்பா தோ மேராச் ஹை," என்றாள். இது நான் கொடுத்த டப்பா, இதுதான் ஏற்கெனவே இருக்கிறதே, வேறு தரட்டுமா என்று கேட்டாள்.

இல்லை, அது உன்னுடையது இல்லை என்றேன். என் அண்ணன் வீட்டில் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. மதினி சிஞ்ச்வட் கடையில் வாங்கியது.

எந்த வீடு என்றாள். சொன்னேன். நீலக் கேட்டா, அந்த அம்மாவா, தலையில் துணி கட்டியிருப்பாளே, அவள்தான் என்றாள். தன்னிடம் மூன்று தரம் முடி கொடுத்திருக்கிறாளாம். மழைக்கு முன்னால் ஒரு தரம். மழையில் ஒரு தரம். அப்போதுதான் இந்த டப்பாவை எடுத்தாள். கணபதி பண்டிகை சமயத்தில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு ஒரு தரம். பை பையாக. அதுவும் இப்படியே வேரோடு. உங்கள் லைனில் எல்லோரும் ஒரே எண்ணெய் தேய்க்கிறீர்களா என்று வேறு கேட்டாள்.

டீ பொங்கி அடுப்பு முழுக்க.

மழைக்கு முன்னால் என்றால் ஜூன். அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தது ஜூலை. அதற்குள் ஒரு பை முடி அவள் தலையை விட்டுப் போய்விட்டிருக்கிறது. கையை வைத்த அதே தலை.

மாவ்ஷி ஒரு கரண்டியும் வடிகட்டியும் கொடுத்துவிட்டுப் போனாள். வாங்கினேனா, அவளே வைத்துவிட்டுப் போனாளா, நினைவில்லை.

நவம்பர் 12, புதன்

தூங்கவில்லை. ஸ்கூலுக்கு லீவ். ஜெ.யிடம் தலைவலி என்றேன்.

காலையில் எதுவும் சாப்பிடவில்லை. மருந்தால் இல்லை.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை இன்றைக்குத்தான் பிரித்தேன். படுக்கை விரிப்பு அளவுக்கு இருக்கிறது. எறும்பு எழுத்து. ஷெரினின் பழைய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இருக்கிறது. முடி உதிர்தல், அச்சடித்தே இருக்கிறது. பதினேழு வாரம் என் ஃபிரிட்ஜுக்குள்ளேயே இருந்திருக்கிறது. படிக்காதது என் தப்பு. ஆனால் வீட்டில் மதினி இருக்கும்போது எவள் தாளைப் படிப்பாள்?

அவள் எனக்குச் சொன்னவை, இப்போது வேறு மாதிரித் தெரிபவை:
சைனஸ்.
"கொண்டை போட்டா கழுத்துக்குக் காத்து வருது." அது சவுரி வைத்த கொண்டை.
"நீ முட்டை திங்க மாட்டேங்க."
"உன் மேலதாம்ட்டி தப்பு."

இந்தக் கடைசி இரண்டையும் என்னால் விழுங்க முடியவில்லை. பொய் சொன்னாள், சரி. நான் அழுதுகொண்டு நிற்கும்போது என் மேலேயே திருப்பினாளே. நான் போய் முட்டை அவித்துத் தின்றேனே.

ஷெரின் போன் செய்தாள். சொல்லவில்லை. அத்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

நிக்டிக்குப் போனேன், டாக்டரிடம். ஷேர் ஆட்டோவில் ஆறு பேர், என் பக்கத்தில் இடம் இருந்தது. முன்பெல்லாம் நான் ஏறினால் ஐந்து பேர்தான்.

டாக்டர் சின்னப் பையன், பொறுமையாகப் பேசினான். எடை வேகமாக இறங்கும்போதும் சாப்பாடு குறையும்போதும் இப்படிக் கொட்டுவது உண்டு, பெரும்பாலும் சில மாசத்தில் திரும்ப முளைத்துவிடும் என்றான். பருப்பு, முட்டை, பன்னீர். இரத்தத்தில் இரும்பு, தைராய்டு பார்க்கச் சீட்டு. ஊசியை நிறுத்த வேண்டும் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள் என்றான்.

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். நான் உங்களிடம், ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டேனே, இல்லை என்றீர்களே என்றான். உண்மைதான். டாக்டரிடம் கேட்க வேண்டியதை அடுக்களையில் கேட்டு முடித்துவிட்டு, டாக்டரிடம் வந்து தலையை ஆட்டியிருக்கிறேன்.

நிறுத்தட்டுமா என்று கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை. அந்தக் கிளினிக் இரண்டாவது மாடி. ஏறியதே எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். மைதானத்தில் மைக், பாட்டு, பலூன். ஆபீஸில் எல்லோருக்கும் சமோசா. ஒன்றைப் பாதி தின்றேன்.

சாயந்திரம் நீலக் கேட்டுக்குப் போனேன். அண்ணன் இன்னும் வரவில்லை. மதினி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஸ்கார்ஃப் கட்டியபடி. பாத்திரக்கார மாவ்ஷி வந்தாள் என்று மட்டும் சொன்னேன். மாவில் கை அப்படியே நின்றது. மறுப்பாள், சண்டை போடலாம் என்று வழி முழுக்க வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். மறுக்கவில்லை.

கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"சொன்னா நீ போட மாட்டல்லா," என்றாள்.

போடாமல் இருந்தால் உங்களுக்கு என்ன என்று கேட்டேன்.

"நான் மட்டும் ஒத்தைக்குக் கெடக்கணும். உங்க அண்ணனுக்கு என்னயப் பாக்கப் பிடிக்கல. மெலிஞ்சது பிடிச்சுது. தலயப் பாக்கப் பிடிக்கல. யார்ட்ட சொல்ல?"

என்னிடம் சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொன்னேன். கத்தவில்லை. அதற்காகத் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டுமா என்றும் கேட்டேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கோயில்ல உன் பின்னலுக்குப் பின்னாலதான இருவத்திரெண்டு வருசமா உக்காந்திருக்கேன். முக்காட்டுக்குக் கீழ தொங்கும். கல்யாணமாயி வந்த அன்னைக்கே உங்கம்மா என்னயக் கூட்டிட்டுப் போயி காமிச்சா, எங்க பியூலா முடியப் பாருன்னு. கொட்டட்டும்னும் இருந்துச்சுட்டி. கொஞ்சம்."

பிறகு ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். நான் கேட்கவில்லை. நடு வகிடு இரண்டு விரல் அகலத்துக்கு. காதுக்கு மேலே தோல். ஓரத்தில் மட்டும் குட்டை குட்டையாக, புதிதாக முளைத்து நின்றது. முளைக்கிறது என்பதைக்கூட அவள் என்னிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் கொட்டியதைச் சொல்ல வேண்டும்.

பார்க்கப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

கிளம்பி வந்துவிட்டேன். பின்னால் அவள் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்கவில்லை.

நவம்பர் 15, சனி

காலையில் நானே போட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். ஊசியைப் பொருத்தி, மூடியைக் கழற்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம். முடியவில்லை. ஜெ.யைக் கூப்பிட்டேன். டிப்போவில் வெடிமருந்துக்கு நடுவில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிற மனிதர், ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்து, ஷெரின் வரட்டுமே என்றார். அவள் அடுத்த சனிக்கிழமைதான் வருவாள். ஊசியை மூடிவைத்தேன்.

துணி துவைத்தேன். தலையணை உறை மூன்று. முடியைப் பொறுக்கிய பிறகுதான் துவைக்க முடிகிறது.

ஐந்து மணி. கேட்டுச் சத்தம். மதினி. ஸ்கார்ஃப் இல்லை, சவுரி இல்லை. அடுத்த லைனிலிருந்து அப்படியே நடந்து வந்திருக்கிறாள். வழியில் நான்கு வீட்டு வாசலிலாவது ஆள் இருந்திருக்கும். கையில் சாப்பாட்டுப் பை.

"போடுவியா, போகட்டா," என்றாள்.

உள்ளே வாருங்கள் என்றேன். ஜெ. டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. ஏதோ நடந்தது என்று தெரியும்.

எப்போதும் மூத்தவளுக்கு முதலில். கட்டிலில் படுத்தாள். சேலையை ஒதுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள், அது அவள் வழக்கம். ஊசி இறங்கியதும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து எண்ண வேண்டும். முன்னாலேயே எடுத்துவிட்டால் மருந்து முழுதாக உள்ளே போகாது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

நான் மனசுக்குள் எண்ணுகிறவள். நாலில் எடுத்துவிட்டேன். கை தவறிவிட்டது என்று இங்கே எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை. தவறவில்லை. வயிற்றில் சொட்டு நின்றது, நல்ல பெரிய சொட்டு. பஞ்சால் ஒற்றி எடுத்தேன்.

"முடிஞ்சிட்டா," என்றாள், கண்ணைத் திறக்காமல்.

முடிந்துவிட்டது என்றேன்.

பிறகு நான் படுத்தேன். மதினி வாய்விட்டு எண்ணுகிறவள். நிதானமாக எண்ணினாள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு விட்டு. எட்டு. ஒன்பது. பத்து. எடுக்கவில்லை. இடது கையால் என் தோளைப் பிடித்திருந்தாள். அசையாத, வீணாப் போயிரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பதினொன்று எண்ணினாள். பன்னிரண்டு.